வானம் பார்த்த காரம்

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டுக்காரர்கள் வாளியில் சுமந்து வந்த பாலை அப்படியே நிறுத்துக் கூலி போட்டுவிட மாட்டார்கள். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அது எவ்வளவு அமிழ்ந்து நிற்கிறது என்று பார்ப்பார்கள். நூறு பங்கு பாலில் உலர்ந்த ரப்பர் 30 பங்கா, 35 பங்கா, 40 பங்கா என்பது அதில் தெரிந்துவிடும். மழை பிடித்த வாரங்களில் வாளி நிறையும், ரப்பரின் பங்கு இறங்கும். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது பாலே குறைந்துபோகும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் வெளியேறி, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களின் அழுத்தம் தளர்ந்து, ஓட்டம் மந்தமாகும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பை வைத்து ஆட்களை இருட்டோடு அனுப்பியது மரத்தின் இந்த உடலியலை ஒட்டித்தான். சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் பீடோரிலும் மூன்று நான்கு தலைமுறை இதைக் கையால் அறிந்தது. மரம் ஒன்று, கத்தி ஒன்று, வெட்டும் கை ஒன்று. பால் மட்டும் நாளுக்கு நாள் வேறு. ஒரு மரம் இவ்வளவு பால் தரும் என்று ஒற்றை எண்ணைச் சொன்னால் தோட்டத்தில் பிறந்த எவரும் நம்ப மாட்டார்கள். எந்த மாதம், மழைக்கு முன்பா பின்பா, எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். அதே கேள்விகளைச் சாவிக் கீரையிடமும் கைலானிடமும் முட்டைக்கோசிடமும் முள்ளங்கியிடமும் கேட்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். காய்கறிக்குள் இருக்கும் மருந்துக்குணம் அதன் பெயரோடு ஒட்டிப் பிறந்த சொத்து என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது அந்தச் செடி வளர்ந்த வாரங்களின் வானிலைக்கு அது கொடுத்த பதில்.

நாம் பேசப்போகும் குடும்பம் கடுகின் குடும்பம். சந்தையில் மலாய்ப் பெயரால் சாவி என்று கேட்டு வாங்கும் கடுகுக்கீரை, பக் சோய், கைலான், முட்டைக்கோசு, காலிஃபிளவர், புரோக்கோலி, முள்ளங்கி, நூல்கோல் எல்லாம் இதில் அடக்கம். தாவரவியலில் ஒரு படி மேலே போய் வரிசை என்ற அளவில் பார்த்தால் முருங்கையும் பப்பாளியும் வேளைக்கீரையும் இவற்றின் உறவினர்கள்தாம். பப்பாளி விதையை மென்றால் கடுகுக் காரம் தெரிவது தற்செயல் அல்ல. இந்தச் செடிகள் அனைத்தும் கந்தகம் கலந்த ஒருவகைச் சேர்மத்தைத் தம் உடலில் செய்து வைத்துக்கொள்கின்றன. வேதியியலில் அதன் பெயர் குளுகோசினோலேட். இதுவரை அறியப்பட்ட வகைகள் நூற்றுக்கும் மேல். பெயர் நாவில் புரளாது என்பதால் இங்கே காரமூலம் என்றே சொல்லிச் செல்கிறேன். காரமூலத்துக்குத் தனியே காரம் கிடையாது. செடி அதை ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதியை வேறோரிடத்திலும் பிரித்து வைத்திருக்கிறது. புழு கடித்தாலோ கத்தி அறுத்தாலோ அம்மி நசுக்கினாலோ இரண்டும் கலக்கின்றன. மூக்கில் ஏறும் ஐசோதயோசயனேட் பிறக்கிறது. முழுக் கடுகுக்கு மணம் இல்லை, நீர் விட்டு அரைத்த கடுகு கண்ணீர் வரவழைக்கிறது என்ற வேறுபாட்டின் அடிப்படை இது. பிரெஞ்சு வேதியியலர் புஸ்ஸி 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கருங்கடுகிலிருந்து சினிக்ரினைப் பிரித்தெடுத்து, அதை உடைக்கும் பொருள் தனி என்றும் கண்டார். காரமூலத்தின் சரியான வேதி அமைப்பு தெரிய 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படி ஒரு பொருளைச் செய்து வைத்துக்கொள்வது செடிக்கு இலவசம் அல்ல. மண்ணிலிருந்து கந்தகமும் நைட்ரஜனும் வேண்டும், ஒளிச்சேர்க்கையில் ஈட்டிய கரிமம் வேண்டும். அதே முதலை வைத்துத்தான் செடி இலையையும் வேரையும் வளர்க்கிறது. வளர்ச்சிக்கு எவ்வளவு, காப்புக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை ஒவ்வொரு நாளும் வெளிச்சமும் வெப்பமும் நீரும் சேர்ந்து மாற்றுகின்றன. வானிலை இந்தப் பொருளைத் தொடும் வழி இதுதான். இதற்கான முதல் தடயம் கிடைத்த கதை எதிர்பாராதது. 1928-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முற்றிலும் வேறொரு நோயை ஆராய வளர்த்த முயல்களின் கழுத்தில் வீக்கம் கண்டது. அவற்றுக்குத் தீவனம் பெரும்பாலும் முட்டைக்கோசு. கோசில் உள்ள ஏதோ ஒன்று தைராய்டுச் சுரப்பியை வீங்க வைக்கிறது என்று தெரிந்ததும் பலர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். 1931-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே கோசு உண்ட முயல்களின் வீக்கம் பருவத்துக்குப் பருவம் மாறுவதைப் பற்றியது. காய் அதே காய், முயலும் அதே முயல். ஒரு பருவத்துக் கோசு கடுமையாக வீங்க வைத்தது, இன்னொரு பருவத்துக் கோசு அவ்வளவு செய்யவில்லை. வீக்கத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றான காய்ட்ரின், காரமூலத்தின் வழிப்பிறந்தது என்பது 1949-இல்தான் தெரிந்தது. பொருளின் பெயரே தெரியாத காலத்தில், அது பருவத்தோடு ஏறி இறங்குகிறது என்பதை முயல்கள் காட்டிக்கொடுத்துவிட்டன.

பிறகு வந்த அறிவியல் இதைக் கூடங்களுக்குள் கொண்டுபோய் ஒவ்வொரு காரணியாகப் பிரித்தது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் 2004-இல் வெளியான ஆய்வில், கோசு இனத்துச் செடிகளை 12, 22, 32 பாகை செல்சியஸ் என்று மூன்று வெப்பநிலைகளில் வளர்த்தார்கள். செடிக்கு இதமான 22 பாகையில் இலையின் காரமூலம் தாழ்ந்து நின்றது. குளிரிலும் வெப்பத்திலும் அதைவிடக் கூடியது. சுகமான நடுவில் வளர்ந்த செடி காப்புக்குக் குறைவாகவே செலவிட்டது. இந்தச் சோதனையை ஈப்போவில் இருந்து படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கூடத்தில் செடியைத் திணறடிக்கும் உச்சமாக வைத்த 32 பாகை, கிந்தா பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் வரும் சாதாரணப் பிற்பகல். மிதவெப்ப நாட்டு நூல்கள் கோடைக்கால அதிர்ச்சி என்று எழுதுவது இங்கே அன்றாடம். அங்கே வாங்கிய எண்களை இங்கே ஒட்டிக்கொண்டால் நம் கீரையைத் தவறாகப் படிப்போம்.

வெப்பம் மட்டும் வானிலை ஆகிவிடாது. ஜெர்மனியில் புரோக்கோலியை வைத்து நடந்த ஆய்வுகளில், சல்ஃபோராபேன் என்ற புகழ்பெற்ற பொருளுக்கு மூலமான குளுகோராபனின், குளிரும் நல்ல வெளிச்சமும் சேர்ந்த நாள்களில் உயர்ந்தது. இந்தோல் வகையைச் சேர்ந்த மற்ற காரமூலங்கள் அதே வழியில் போகவில்லை. ஆகவே வானிலை காரமூலத்தைக் கூட்டுமா குறைக்குமா என்ற கேள்வியே அரைகுறையானது. எந்தக் காரமூலத்தை என்று கேட்க வேண்டும். ஒரே நாளின் வெயில் ஒரே இலைக்குள் ஒன்றை ஏற்றி இன்னொன்றை இறக்கலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகே, 4.6 பாகை வட அகலாங்கில் உள்ள ஈப்போவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய அரை மணி நேரம். ஐரோப்பியக் கோசுக்குப் பருவத்தைச் சொல்லித்தரும் பகல் நீளம் இங்கே ஊமையாகிவிடுகிறது. இங்கே பருவத்தைச் சொல்வது மழை. பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை உச்சம், அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. நடுவில் இரண்டு தணிவுகள். அதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு பெரிது. தைப்பிங் தீபகற்பத்திலேயே மழை மிகுந்த ஊர்களில் ஒன்று. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும். கடலோரச் சித்தியவானில் அதில் பாதியைக் காண்பதே அரிது. இரண்டு ஊரும் ஒரே மாநிலம், ஒரே விதை விற்கும் கடைகள்.

நீரின் பங்கைத்தான் நம்மவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன், மெட்ரோலாக்கின் பழக்கம் இருப்பதால். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2005-ஐ ஒட்டிச் செய்த வயல் சோதனையில், முட்டைக்கோசு தலைகட்டும் வாரங்களில் நீர் பாய்ச்சாத பாத்திகளின் கோசில் காரமூலச் செறிவு கூடியிருந்தது. அந்த வாரங்களில் நீர் கிடைத்த கோசு எடையில் பெருத்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது பழமொழி. தண்ணீர் இல்லாமல் சிறுத்தால் காரம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வறண்ட வாரத்தில் வளர்ந்த முள்ளங்கி நாக்கைச் சுடுவதும், மழையில் வளர்ந்தது சப்பென்று இருப்பதும் இதே கணக்கு. இதில் இரண்டு வேறு நிகழ்வுகள் கலந்திருக்கின்றன என்பதைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். ஒன்று, செடி உண்மையிலேயே கூடுதலாகச் செய்வது. மற்றொன்று, செய்த அளவு அதேதான், இலை பெருக்காததால் செறிந்து நிற்பது. வாளியில் பால் கூடி ரப்பர் குறைந்ததைப் போல, மழை நாள் கீரையில் நீர் கூடி மற்றது நீர்த்துப்போகிறது. ஈர எடைக்கு அளந்த ஆய்வும் உலர் எடைக்கு அளந்த ஆய்வும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்தக் குழப்பம். உலர்ந்த ரப்பருக்குத்தான் விலை என்று தோட்டம் கண்டுகொண்ட நுட்பத்தை ஊட்டச்சத்து அட்டவணைகள் இன்னும் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை. அவை கீரையின் பெயருக்கு எதிரே ஓர் எண்ணைப் போட்டு நிறுத்திக்கொள்கின்றன. மாதம் இல்லை, ஊர் இல்லை, மழை இல்லை. அந்த எண் பொய் என்று சொல்லவில்லை. அது ஒரு நாளின் எண்.

மண்ணை விட்டுவிட்டு மழையைப் பேச முடியாது. கிந்தா பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களில் பல, வெள்ளீயம் தோண்டிக் கழித்த நிலத்தில் உருவானவை. சுரங்கம் மண்ணைக் கழுவி, களிமண்ணையும் மக்கையும் ஓட்டிவிட்டு, வெறும் மணலைக் குவித்துப் போனது. அந்த மணல்மேட்டிலும் ஈயக்குட்டைகளின் கரையிலும் சீனக் குடியானவர்கள் கோழி எருவையும் உழைப்பையும் கொட்டிக் கீரை விளைவித்த வரலாற்றை, 1988-இல் வெளிவந்த பிரான்சிஸ் லோ கோக் வாவின் கிந்தா பள்ளத்தாக்கு ஆய்வுநூலில் காணலாம். ஜப்பானியர் காலத்துப் பசியும் 1948-இல் தொடங்கிய அவசரகாலமும் அந்த மக்களை எப்படி இடம்பெயர்த்தன என்பதும் அதே வரலாற்றின் பகுதி. மணல் இருவகையில் காரமூலத்தைத் தொடுகிறது. பகலில் அது கொதிக்கிறது, நீரை வைத்துக்கொள்வதில்லை. மழை விட்ட இரண்டாம் நாளே செடிக்குத் தாகம். இது காரமூலத்தைக் கூட்டும் திசை. ஆனால் அதே மழை, மணலில் கரைந்திருக்கும் சல்பேட்டை அரித்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. கந்தகம் இல்லாமல் காரமூலம் இல்லை. அம்மோனியம் சல்பேட் உரமும் எருவும் இந்த இழப்பை ஈடுகட்டும்வரை செடி காரத்தைச் செய்யும். உரம் தீர்ந்தால் வெப்பமும் தாகமும் எவ்வளவு உந்தினாலும் கை வெறுங்கைதான். பிரிட்டனில் 1980-களுக்குப் பிறகு தொழிற்சாலைப் புகையின் கந்தகம் குறைந்து காற்று தூய்மையானபோது, கடுகின் இனத்தைச் சேர்ந்த எண்ணெய்ப் பயிருக்குக் கந்தக உரம் தேவைப்படத் தொடங்கியது. வானத்திலிருந்து என்ன இறங்குகிறது, மழையோடு என்ன போகிறது என்ற வரவுசெலவும் வானிலைதான்.

இங்கே ஒரு பொதுவான மதிப்பீட்டோடு மோத வேண்டியிருக்கிறது. மலைக்காய் உயர்ந்தது, சமவெளிக்காய் மட்டம் என்ற எண்ணம் ஈப்போச் சந்தையிலும் கோலாலம்பூர்ச் சந்தையிலும் ஊறிக் கிடக்கிறது. கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருந்தாலும் அதன் காய் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ பேராக்குக்குள்தான் இறங்குகிறது. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர். இரவில் 15 பாகையை ஒட்டிய குளிர், பகலில் 22, 23. டென்னசிக் கூடத்தின் இதமான நடுவுக்கு அருகில் இருக்கும் பகல்கள் இவை. அங்கே கோசு இறுக்கமாகத் தலைகட்டுகிறது, இனிக்கிறது, பார்வைக்கு அழகு. ஆனால் இறுக்கமும் இனிப்பும் காரமூலத்தின் அளவுகோல் அல்ல. சமவெளியின் சாவி கடுகின் நேரடி வாரிசு. சினிக்ரின் அதன் தலையாய காரமூலம். வெயிலிலும் தாகத்திலும் வளர்ந்த அந்தக் கசப்பான கீரையை மலைக்கோசை வைத்து மட்டம் தட்டுவதற்கு வேதியியலில் ஆதாரம் இல்லை. புரோக்கோலிக்குக் குளிர் இரவு நன்மை செய்யும் என்பதை ஏற்கிறேன். அந்த நன்மையைக் குடும்பம் முழுவதற்கும் விரித்து, விலை கூடிய காய்தான் மருந்து என்று ஏழை வீட்டுக்குச் சொல்வதை ஏற்க முடியாது.

செடி இந்தச் செலவைச் செய்வது நமக்காக அல்ல என்பதால் பூச்சிகளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். டச்சுத் தாவரவியலர் வெர்ஷாஃபெல்ட் 1910-இல், கோசுப் புழுக்கள் தாம் தொடாத வேறு செடியின் இலையில் சினிக்ரினைத் தடவி வைத்தால் அதைத் தின்னத் தொடங்குவதைக் காட்டினார். பிறருக்கு விரட்டும் நெடி, அந்தப் புழுவுக்குச் சாப்பாட்டு மணி. மலேசியாவில் கோசு விவசாயிகளின் பெரும் பகை வைரமுதுகு அந்துப்பூச்சி. காரமூலம் உடைந்து நச்சாகுமுன் அதன் கந்தகக் கூறைக் கழற்றிச் செயலிழக்கச் செய்யும் நொதி அதன் புழுவின் குடலில் இருப்பது 2002-இல் கண்டறியப்பட்டது. இந்தப் பூச்சியை ஒடுக்க 1970-களில் கேமரன் மலையில் கொண்டுவந்து விட்ட டயடெக்மா என்ற சிறு குளவி, குளிர்ந்த மலையில்தான் நன்றாகப் பெருகும். சமவெளியின் வெப்பம் அதற்கு ஆகாது. ஆக, 32 பாகை வெயில் கீரைக்குள் காரத்தை ஏற்றும் அதே நேரத்தில், அந்துப்பூச்சியின் தலைமுறைகளை விரைவுபடுத்துகிறது, அதன் எதிரியைச் சமவெளியிலிருந்து விலக்கியும் வைக்கிறது. கூடுதல் காரம் இருந்தால் மருந்தடிப்பு குறையும் என்று யாராவது வாதிட்டால் அது இந்தப் பூச்சியிடம் செல்லாது.

எதிர்வாதங்களில் வலுவானது விதையைப் பற்றியது. எந்தக் காரமூலம், ஏறத்தாழ எவ்வளவு என்பதை மரபணுதான் தீர்மானிக்கிறது. வானிலை விளிம்பில் கொஞ்சம் அசைக்கிறது, அவ்வளவே என்பார்கள். முதல் பாதி சரி. கைலானை எந்த வெயிலில் வைத்தாலும் அது புரோக்கோலியாகிவிடாது. 1971-இல் தைவானில் நிறுவப்பட்ட ஆசியக் காய்கறி ஆய்வு மையம் வெப்பம் தாங்கும் சீனக்கோசு வகைகளை உருவாக்கியிருக்காவிட்டால், சமவெளியில் அது தலைகட்டுவதைப் பற்றிப் பேச்சே இருந்திருக்காது. ஆனால் இரண்டாம் பாதியை ரப்பர் மறுக்கிறது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் தொடங்கி உருவாக்கிய உயர்வகை மரங்களில் ஆர்ஆர்ஐஎம் 600 பெயர்பெற்றது. பழைய விதைமரத்தைவிட அது பன்மடங்கு பால் தந்தது உண்மை. அந்த வகை வந்த பிறகு தோட்டத்தில் மெட்ரோலாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா? இல்லை. ஒரே வகை மரங்கள் வரிசையாக நின்ற நிரையிலும் மாதத்துக்கு மாதம் பாலும் அதன் அடர்த்தியும் மாறிக்கொண்டுதான் இருந்தன. விதை எல்லையை வகுக்கிறது. அந்த எல்லைக்குள் இன்று எந்த இடத்தில் நிற்பது என்பதை வானிலை சொல்கிறது. சந்தைக்கு வரும் சாவியின் விதை பல பாத்திகளில் ஒன்றேயாக இருக்கும்போது, கட்டுக்குக் கட்டு உள்ள வேறுபாட்டுக்கு விதையைக் காட்டித் தப்ப முடியாது.

அடுத்த எதிர்வாதம் அடுப்பிலிருந்து வருகிறது. எவ்வளவு இருந்தால் என்ன, சமைத்தால் போய்விடும்தானே? சமையல் முதலில் கொல்வது காரமூலத்தை அல்ல, நொதியை. கோசிலும் புரோக்கோலியிலும் உள்ள மைரோசினேஸ் 60, 70 பாகையைத் தாண்டினால் செயலிழக்கத் தொடங்கும். காரமூலம் அதைவிட உறுதியானது. அது பெரும்பாலும் வீணாவது கொதிநீரில் கரைந்து வடிகட்டும்போது. நொதி செத்தாலும் எஞ்சிய காரமூலத்தின் ஒரு பகுதியை நம் குடலின் நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுக்கின்றன. நமக்கு மிக அருகிலுள்ள சான்று சிங்கப்பூர்; அங்கே மக்கள் அன்றாடம் உண்ணும் இந்தக் குடும்பக் காய்களைச் சமைத்த பிறகே அளந்த ஆய்வு 1998-இல் வெளியானது. சமைத்த பிறகும் அளக்கக்கூடிய அளவு இருந்தது, காய்க்குக் காய் வேறுபாடும் பெரிதாகவே நின்றது. அடுப்பு எல்லாவற்றையும் சமமாக்கிவிடுவதில்லை. தமிழ் அடுக்களைக்கு ஒரு நுட்பத்தை இங்கே சொல்ல வேண்டும். எண்ணெயில் வெடித்த கடுகில் நொதி உயிரோடு இல்லை. அதனால்தான் தாளிதத்தில் காரம் இல்லாமல் வறுத்த மணம் மட்டும் வருகிறது. பச்சையாக அரைத்த கடுகில் நொதி முழுமையாக இருக்கிறது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வேகவைத்த புரோக்கோலியின் மேல் பச்சைக் கடுகுத்தூளைத் தூவி உண்டவர்களின் உடலில் சல்ஃபோராபேன் சேர்ந்தது நான்கு மடங்குக்கு மேல் கூடியது. செத்த நொதிக்கு அண்டை வீட்டு நொதி கைகொடுத்தது. கடுகு அரைத்துவிட்ட பச்சடியும் ஊறுகாயும் நம்மிடம் எப்போதோ இருக்கின்றன.

கூடுதல் நல்லதா என்பது மூன்றாவது ஐயம், நியாயமான ஐயமும் அதுவே. முயல்களின் கழுத்து வீங்கியதைச் சொல்லிவிட்டு, காரமூலம் எவ்வளவு கூடினாலும் நன்மை என்று எழுதுவது நேர்மை ஆகாது. சீனாவின் சீதோங் வட்டாரத்தில் 291 பேருக்கு 12 வாரம் புரோக்கோலி முளையில் செய்த பானம் கொடுத்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காற்றுமாசின் வழியே உடலில் சேரும் பென்சீனைச் சிறுநீரில் வெளியேற்றும் அளவு 61 விழுக்காடு கூடியது. உடலின் கழிவு நீக்கும் நொதிகளை இந்தப் பொருள்கள் தூண்டுகின்றன என்பதற்கு இது கண்கூடான சான்று. எனினும் அயோடின் குறைந்த உணவில் வாழ்பவருக்கு, அதிலும் பச்சையாக, அளவுக்கு மீறி, நாள்தோறும் என்றால் தைராய்டுக்குத் தொல்லை தரக்கூடிய குடும்பமும் இதுவே. அயோடின் கலந்த உப்பும் மீனும் உள்ள வீட்டில், நெத்திலி போட்டுப் பிரட்டிய ஒரு கிண்ணம் சாவி அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. தைராய்டுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். இந்த ஐயம் என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. நன்மையோ தீமையோ, இரண்டும் அளவைப் பொறுத்தது என்றால், அந்த அளவு எந்த மழையில் எந்த வெயிலில் மாறுகிறது என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

வானிலைக்குள் அடங்கும் மிகச் சிறிய சுழற்சி ஒரு நாள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2013-இல் வெளியான சோதனை ஒன்று, கடையில் வாங்கிய, அறுத்து நாளாகிப்போன முட்டைக்கோசை எடுத்துக்கொண்டது. பகலும் இரவும் மாறி மாறி வருமாறு அதற்கு வெளிச்சம் காட்டியபோது, அறுபட்ட அந்தக் கோசு மீண்டும் நேரம் பார்க்கத் தொடங்கியது. அதன் காரமூலம் நாளின் ஓட்டத்தோடு ஏறி இறங்கியது, புழுவையும் நன்றாக எதிர்த்தது. ஓயாத வெளிச்சத்திலோ ஓயாத இருட்டிலோ வைத்தது அந்தத் தாளத்தை இழந்தது. வேரிலிருந்து பிரிந்த இலையை நாம் செத்தது என்று நினைக்கிறோம். அது மூச்சுவிட்டுக்கொண்டு, விடியலை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறது. பீடோர்ப் பக்கத்துப் பாத்தியில் பிற்பகலில் அறுத்து, இரவோடு லாரியில் ஏறி, மறுநாள் மாலை பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையின் விளக்கடியில் கிடக்கும் கைலானுக்கு அந்தத் தாளம் எவ்வளவு கலைந்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். விடியுமுன் மரத்தடிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அறுத்த நேரம் முக்கியம் என்பதை விளக்கத் தனியாக நூல் தேவையில்லை.

அந்தப் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் இல்லை. 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், பின்னர் வீட்டுமனைத் திட்டங்கள் வந்ததும் லயங்களைக் கலைத்துவிட்டன. லயத்து வீட்டின் பின்புறம் இருந்த முருங்கையும் அதோடு போனது. அதுவும் இந்தக் காரமூல வரிசையைச் சேர்ந்த மரம்தான் என்பதை முன்பே சொன்னேன். அதன் இலையில் உள்ள காரமூலத்தில் கூடுதலாக ஒரு சர்க்கரைக் கூறு ஒட்டியிருப்பதால், உடைந்த பின்னும் காரம் ஆவியாகி மூக்கில் ஏறுவதில்லை. இலை சாதுவாகத் தோன்றும், வேரை நசுக்கினால் குடும்பக் குணம் தெரிந்துவிடும். வறண்ட நாட்டு மரமான அது பேராக்கின் ஈரத்தில் காயைக் குறைத்து இலையைப் பெருக்கியது, அந்த இலையையே நம் பாட்டிமார் வாரம் இருமுறை சட்டிக்குக் கொண்டுவந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் முருங்கை வைக்க இடமில்லை என்பது உண்மை. ஒரு மண்தொட்டியில் கடுகைத் தூவினால் இருபத்தைந்து முப்பது நாளில் கீரை கிடைக்கும் என்பதும் உண்மை. வெயில் படும் மாடிப்படியோரம் போதும்.

பிப்ரவரியில் மழை ஓய்ந்து, பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் வாரங்களில் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலை சிறுத்து, தடித்து, ஓரத்தில் புழு அரித்த தடத்தோடு ஒரு சாவிக் கட்டு மூலையில் கிடக்கும். விலையும் இறங்கியிருக்கும், யாரும் தொட மாட்டார்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே விளைந்தது, எப்போது அறுத்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்து நன்றாகக் கழுவி, பொடியாக நறுக்கி, அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீரை வடிக்காதீர்கள்.